இருமலும் கிருமியும்

மூக்குக் கண்ணாடிக் கடைக்காரருக்குத் திருச்சபையில் ‘சுதி அண்ணன்’ என்றுதான் பெயர். அவர் நடத்திய பாடகர் குழுவில் யாருடைய குரலாவது ஒரு இழை இறங்கினால் போதும், கையைத் தூக்கிப் பாட்டை நிறுத்திவிடுவார். ‘சுதி’ என்பார், அவ்வளவுதான். யார் என்று அவர் சொல்லவே வேண்டாம், இறங்கியவரின் காது தானாகச் சிவந்துவிடும். கடையிலும் அதே கறார். கண் சோதிக்கும் எழுத்துப் பலகையில் தெரியாத வரியை ஊகித்துப் படிக்கிறவர்களை ஒரு பார்வையிலேயே பிடித்துவிடுவார்.

அப்படிப்பட்ட மனிதருக்கு இருமல் வந்தது. முதலில் மழையைக் குறை சொன்னார். மழை நின்ற பிறகு, கண்ணாடி தேய்க்கும் இயந்திரத்தின் தூசியைக் குறை சொன்னார். சாயங்காலமானால் உடம்பு கதகதவென்று சுட்டது. இடுப்பு வாருக்கு மனைவிக்குத் தெரியாமல் புதுத் துளை போட்டுக்கொண்டார். அவளா கவனிக்காதவள்? டாக்டரிடம் போங்கள் என்று காலையிலும் மாலையிலும் காதில் போட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில், தன்னை யாருக்கும் தெரியாத இடமாகப் பார்த்து, ஊரின் மறுகோடியில் இருந்த நெஞ்சுநோய் மருத்துவமனைக்குத் தனியாகப் போனார்.

சளியைச் சோதித்தார்கள், எக்ஸ்ரே எடுத்தார்கள். டி.பி. என்றார்கள்.

அங்கிருந்த நர்ஸ் வேகமாகப் பேசுகிற, சிரித்த முகமுள்ள பெண். இது குணமாகிற நோய்தான் என்று தைரியம் சொன்னாள். மாத்திரையை ஒரு நாளும் விடாமல் மாதக்கணக்கில் விழுங்க வேண்டும், ஆரம்பத்தில் கொஞ்ச நாள் கூட்டத்துக்குள் போகக்கூடாது. அதைவிட முக்கியம், வீட்டில் இருப்பவர்களையும், மூடிய அறையில் அவரோடு அதிக நேரம் இருந்தவர்களையும் சோதனைக்கு அனுப்ப வேண்டும் என்றாள். பாடகர் குழு அவர் நினைவுக்கு வந்தது. பயிற்சி அறையின் ஜன்னல்களை, தெருச் சத்தம் சுதியைக் கெடுக்கிறது என்று அவரேதான் சாத்தி வைத்திருந்தார். எல்லாரிடமும் சொல்லிவிடுகிறேன் என்று தலையாட்டிவிட்டு வந்தார்.

சொல்லவில்லை. மனைவியிடம் நெஞ்சுச் சளி என்றார். குழுவிடம் வெளியூர் வேலை என்று சொல்லி இரண்டு வாரம் தள்ளியிருந்துவிட்டுத் திரும்ப வந்தார். நர்ஸ் போனில் கேட்டபோது, ‘எல்லார்கிட்டயும் சொல்லியாச்சு சிஸ்டர், வருவாங்க’ என்று பிசிறில்லாமல் ஒரு பொய்யைச் சொன்னார். சபைகளுக்கு இடையிலான பாட்டுப் போட்டி நெருங்கிக்கொண்டிருந்தது. டி.பி. என்று தெரிந்தால் எந்தத் தாய் தன் மகளை அவர் முன்னால் நின்று பாட அனுப்புவாள்? கடையில் அவர் மூச்சுப் படும் தூரத்தில் யார் கண்ணைக் காட்டுவார்கள்? மருந்துதான் விழுங்குகிறோமே, அதோடு காரியம் முடிந்தது என்று மனதைத் தட்டித் தூங்கவைத்தார்.

அந்தச் சமயத்தில்தான் போதகர் ஒரு ஞாயிறு ஆராதனையில், பாவம் என்பது குற்றம் மட்டுமல்ல, அது ஒரு நோய் என்று பிரசங்கம் செய்தார். இயேசு பாவிகளிடம் போனதே மருத்துவர் நோயாளியிடம் போவதைப் போலத்தான் என்றார். சுதி அண்ணனுக்கு அது சுருக்கென்றது. ஆராதனை முடிந்ததும் வாசலிலேயே போதகரைப் பிடித்துக்கொண்டார். நோய் யாரும் கேட்டு வாங்குவதில்லை, பாவம் மனிதன் தெரிந்தே செய்வது, இரண்டையும் ஒன்றாகக் கட்டினால் திருடனும் ‘எனக்கு உடம்பு சரியில்லை’ என்று சொல்லித் தப்பித்துக்கொள்வானே என்று வாதாடினார். போதகர் வயதில் சின்னவர், சண்டைக்கு நிற்கிறவர் அல்ல. யோசித்துப் பார்க்கிறேன் அண்ணே என்று மட்டும் சொன்னார். வாதத்தில் ஜெயித்த தெம்போடு சுதி அண்ணன் வீட்டுக்குப் போனார்.

அடுத்த பயிற்சியின்போது பாட்டின் நடுவில் ஓர் இருமல் கேட்டது. வறண்ட, அடியிலிருந்து இழுத்துக்கொண்டு வருகிற இருமல். கேட்டதுமே அவருக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. எத்தனையோ ராத்திரி தலையணைக்குள் முகத்தைப் புதைத்துத் தாமே இருமிய அதே இருமல். கையைத் தூக்கிப் பாட்டை நிறுத்தினார். முன்வரிசையில், அவருக்கு எதிரிலேயே நின்று பாடுகிற அவருடைய கொழுந்தியாள், கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டே, ‘ஒண்ணுமில்ல அத்தான், தூசி’ என்றாள்.

பயிற்சியைப் பாதியில் முடித்து எல்லாரையும் அனுப்பிவிட்டார். வீட்டுக்குப் போய்ச் செருப்பைக்கூடக் கழற்றாமல் மனைவியிடம் முழுவதையும் கொட்டினார். அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்று அவருக்குத் தோன்றியது.

“நோவு வந்ததுக்கு உங்களை நான் ஒரு வார்த்தை சொல்லமாட்டேன். ஆனா எங்கிட்ட மறைச்சீங்க பாருங்க. ஒரே வீட்ல இருந்துக்கிட்டு, என் மூச்சையும் என் தங்கச்சி மூச்சையும் கணக்குலயே எடுத்துக்கல நீங்க.”

பிறகு தங்கைக்குப் போன் செய்ய உள்ளே போனாள். அவர் போதகர் வீட்டுக்கு நடந்தார்.

புத்தகங்களும் துவைத்த துணியும் ஒரே நாற்காலியில் குவிந்து கிடந்த அந்தச் சின்ன அறையில், சுதி அண்ணன் எல்லாவற்றையும் சொல்லி அழுதார். கடவுளிடம் எனக்காக மன்னிப்புக் கேளுங்கள் ஐயா, இது நம் இருவருக்குள் இருக்கட்டும், குழுவிடம் டாக்டரை விட்டே பேசச் சொல்லலாம் என்றார். போதகர் அவரோடு சேர்ந்து ஜெபித்தார். கடவுள் மன்னிக்கிறவர் என்பதில் தனக்குத் துளி சந்தேகமும் இல்லை என்றார். ஆனால் எழுந்து போக விடவில்லை.

“இங்க சொன்னதுல உங்க பாரம் இறங்கும் அண்ணே. குழுவுல இருக்கறவங்க நெஞ்சுச் சளி இறங்காது. அதை நீங்களே போய் அவங்ககிட்ட சொல்லணும்.”

சுதி அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அன்று வாசலில் வைத்துத் தான் சொன்னது சரிதான் போலிருக்கிறது என்றார். டி.பி. வந்தது அவர் செய்த பாவம் இல்லை. மறைத்ததும் பொய் சொன்னதும்தான் பாவம். ஆக, நோய் வேறு, பாவம் வேறு.

“பொய் சொன்னது இருமல்தான் அண்ணே,” என்றார் போதகர். “உள்ள கிருமி ஒண்ணு இருக்குல்ல. எல்லாரும் என்னை மதிக்கணும், அதுக்கு மத்தவங்க என்ன ஆனாலும் பரவாயில்லன்னு ஒண்ணு. அது எனக்குள்ளயும் இருக்கு, நான் ஒண்ணும் யோக்கியன் இல்ல. இனிமே பொய் சொல்லமாட்டேன்னு முடிவெடுக்கறது இருமல் மருந்து குடிக்கற மாதிரி. கொஞ்ச நேரம் சத்தம் அடங்கும், கிருமி அங்கதான் இருக்கும். அதுக்கு வைத்தியர் வேணும். நோய்னு நான் சொன்னது, நம்ம மேல தப்பில்லன்னு தப்பிக்கறதுக்கு இல்ல. நம்மளே நம்மைக் குணப்படுத்திக்க முடியாதுன்னு ஒத்துக்கறதுக்கு.”

வாதத்தில் தோற்றது சுதி அண்ணனுக்கு அன்று வலிக்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் குழுவைக் கூட்டினார். பயிற்சி அறையில் அல்ல, வெளியே, முற்றத்தில். தனக்கு வந்த நோயையும், மறைத்ததையும், நர்ஸிடம் சொன்ன பொய்யையும் வரிசையாகச் சொன்னார். எதையும் விழுங்கவில்லை. போட்டியில் இந்த வருடம் கலந்துகொள்ள வேண்டாம், எல்லாரும் சோதனைக்குப் போங்கள் என்று கேட்டுக்கொண்டார். இரண்டு தகப்பன்மார் கோபமாகப் பேசினார்கள். அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். அடித்தொண்டையில் பாடுகிற பருமனான தச்சர் மட்டும், ‘சரி, எப்போ போகணும்? மொத்தமா ஒரு வண்டி வெச்சிட்டா வசதி’ என்றார். இறுகியிருந்த முகங்கள் அதில் கொஞ்சம் தளர்ந்தன.

சோதனையில் மனைவி உட்பட மற்றவர்கள் தப்பித்தார்கள். கொழுந்தியாளுக்கு மட்டும் நோய் இருந்தது. நர்ஸ் அவரைத் தனியாகக் கூப்பிட்டு மறைக்காமல் சொன்னாள். அவருக்கே தெரிவதற்கு முன்பே இந்தப் பெண்ணுக்கு ஒட்டியிருக்கலாம், அதற்கு அவர் பொறுப்பில்லை. ஆனால் அன்றே உண்மையைச் சொல்லியிருந்தால் இத்தனை வாரம் அவள் காய்ச்சலோடு அலைந்திருக்க மாட்டாள், அதற்கு அவர்தான் பொறுப்பு. இரண்டையும் அவர் அப்படியே ஏற்றுக்கொண்டார். அதைவிடக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

தினமும் மாத்திரையை நானே கொண்டுவந்து தருகிறேன் என்று கொழுந்தியாள் வீட்டு வாசலில் போய் நின்றார். கதவைப் பாதி திறந்து, நர்ஸ் கொடுப்பார்கள், நீங்கள் வரவேண்டாம் அத்தான் என்று சொல்லிச் சாத்திக்கொண்டாள். அவர் அடம்பிடிக்கவில்லை. தன் மருந்தை ஒழுங்காக விழுங்கினார். உடம்பு தேறி, பசி திரும்பி, இன்னும் எதற்கு மாத்திரை என்று தோன்றிய நாட்களிலும் விழுங்கினார். தெம்பு வந்தது வேறு, கிருமி போனது வேறு என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். பயிற்சி அறையின் ஜன்னல்கள் இப்போது திறந்தே இருந்தன. தெருவின் ஹாரன் சத்தத்தோடு பாடப் பழகிக்கொண்டார்கள். யாராவது சுதி இறங்கினால் இன்னமும் நிறுத்தத்தான் செய்தார், ஆனால் பக்கத்தில் போய்த் தாமும் சேர்ந்து பாடித் தூக்கிவிட்டார். அவர் சாதுவாகிவிட்டார் என்று குழுவில் யாரும் நம்பவில்லை. முன்னைக்கு இப்போது தேவலை என்றார்கள்.

அவருடைய சிகிச்சை முடிந்து, இனி கிருமி இல்லை என்று மருத்துவமனையில் சொல்லி அனுப்பிய வாரத்தில், கொழுந்தியாள் கடைக்கு வந்தாள். மெலிந்திருந்தாள், முகத்தில் மட்டும் பழைய துடுக்கு இருந்தது. கண்ணாடியின் கால் ஒன்று கழன்றுவிட்டதாம். அவர் வாங்கி, திருகாணியை மாட்ட ஆரம்பித்தார்.

“மன்னிச்சிட்டேன்னு சொல்றதுக்கு வரல அத்தான்,” என்றாள் அவளே.

“சரிம்மா.”

“மன்னிச்சிட்டு இருக்கேன். தினமும் கொஞ்சம். சில நாள் தொண்டையிலேயே நிக்குது, ஆனா விடல.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். கண்ணாடியைத் துடைத்து அவள் கையில் கொடுத்தார். போட்டுப் பார்த்துவிட்டு, இடது பக்கம் இன்னும் காதைக் கடிக்கிறது என்றாள். திரும்ப வாங்கி, காலைச் சூடு காட்டி, பதமாக வளைத்துக் கொடுத்தார். இப்போது சரியாக உட்கார்ந்தது. அடுத்த வாரத்திலிருந்து பாடலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், முன்வரிசையில் என் இடத்தை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள் என்று சொல்லிவிட்டு வெயிலில் இறங்கிப் போனாள்.