விரித்த கை

தொண்டைப் புற்று, தறி நெய்துகொண்டிருந்த என் கணவரின் பேச்சைப் பறித்தது. வேலூரில் பேச்சுப் பயிற்சி தரும் அம்மா, படங்கள் வரைந்த அட்டையைத் தொட்டுக் காட்ட அவரைப் பழக்கினார். விரித்த கை என்றால் ‘வேண்டாம்’. “கூழு கெட்டியா குடுங்க. பாலோ தண்ணியோ ஊத்துனா நுரையீரலுக்குப் போயி மூச்சு முட்டும்” என்று என்னிடம் சொல்லியிருந்தார்.

எண்பத்துமூன்றாம் வருஷம் தை மாதம், ஆரணியில் உயிர் இழுத்துக்கொண்டிருந்தவருக்கு உறவுக்காரர்கள் ஆளுக்கொரு கரண்டி பால் ஊற்றினார்கள். இருமலுக்கு நடுவே அவர் விரல் அட்டையைத் தட்டிக்கொண்டே இருந்தது.

“சாவற நேரத்துலயும் என் தம்பி தறி நெய்துகினு கீறான் பாரு” என்று நாத்தனார் விருத்தாம்பாள் அழுதாள்.

விரல் தட்டியது விரித்த கையை. நான் பார்த்தேன்.

“நீ ஊத்துனாதான் அவன் உசுரு நிம்மதியா போவும்” என்று கரண்டியை நீட்டினாள்.

எனக்குப் பேச வாய் இருந்தது. பேசாமல் ஊற்றினேன்.