ஆமை வரும் வரை

எழுந்தான். பல் துலக்கினான். பால் காய்ச்சினான். பிறகு மனைவியின் மடிக்கணினியைச் சாப்பாட்டு மேசையில் திறந்துவைத்துக் காத்திருந்தான். அவள் பக்கத்து அறையில் கிடத்தப்பட்டிருந்தாள்.

திரையில் இருந்தது அவள் உருவாக்கிய கார் பந்தய விளையாட்டு. அதன் சர்வர் ஒரு நாள் ஓடினாலே மூச்சு முட்டி நின்றுவிடும். கோளாறு எங்கே என்று அவளுக்குத் தெரியும். சரிசெய்யத்தான் நேரம் வாய்த்ததில்லை. "தினம் காலைல ஒரு தடவை நிறுத்தி, தட்டி எழுப்பிட்டா போச்சு. உன்னையும் அப்படித்தானே எழுப்பறேன்" என்பாள். ஆனால் பாதையில் ஒரு கார் இருந்தாலும் கை வைக்கக் கூடாது. அது அவள் சட்டம். அவள் படுக்கையில் விழுந்த பிறகு அந்த வேலை அவனுக்கு வந்தது. மருத்துவமனையிலும் மடியில் வைத்துக்கொண்டு செய்தான்.

இன்றும் ஒரு கார் மிச்சமிருந்தது. ஆமை. அவள் வைத்த பெயர். யாரோ, எந்த ஊரோ. வளைவுக்கு வளைவு சுவரில் முட்டி, பின்னால் எடுத்து, மறுபடி கிளம்பும்.

அவளுடைய முதலாளி வந்து குனிந்தார். கண்கள் சிவந்திருந்தன.

"இன்னிக்குமா தம்பி?"

"எழுப்பணும் சார்."

"விட்டுடுங்க. போன வருஷமே மூடியிருக்கணும். விளையாடறவங்கள விரல் விட்டு எண்ணிடலாம். அவ சண்டை போட்டாளேன்னு விட்டு வெச்சேன். இனிமே இத யாரு பாப்பா? இப்பவே அணைச்சிடுங்க."

அவர் சொன்னதில் தப்பில்லை.

"தேதி குறிங்க சார். முன்கூட்டியே சொல்லிட்டு மூடுங்க. ஒருத்தர் ஓட்டிக்கிட்டு இருக்கறப்ப வேண்டாம்."

"யாரு ஓட்டறா?"

"ஆமை."

முதலாளி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

வாசலில் வண்டி வந்து நின்றது. மைத்துனன் எட்டிப் பார்த்தான்.

"மாமா, எடுக்கலாமான்னு டிரைவர் கேக்கறாரு."

"கொஞ்சம் பொறு."

"எல்லாரும் நிக்கறாங்க மாமா. என்ன இது..."

"கடைசி வளைவுதான், இருப்பா" என்றார் முதலாளி. உடனே நெற்றியில் அடித்துக்கொண்டார். "அடப்பாவி, மறுபடி முட்டிட்டானே!"

மைத்துனனும் திரையைப் பார்த்தான். கார் பின்னால் நகர்ந்தது, திரும்பியது, ஊர்ந்து கோட்டைத் தாண்டியது.

அவன் சர்வரை நிறுத்தினான். முதலாளி அவன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடி கிளப்பினான்.

"நாளைக்குமா?"

"நீங்க குறிக்கிற தேதி வரைக்கும் சார்."

அவர் தலையசைத்தார்.

வண்டியில் மாமியார் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கடைசியா ஏதாவது சொன்னாளாப்பா?"

"உங்கள நல்லா பாத்துக்கச் சொன்னா அத்தை."

மாமியார் அவன் கையை விடாமல் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

நேற்றுக் காலை அவள் ஆக்சிஜன் முகமூடியை ஒரு விரலால் விலக்கினாள். அவன் மடியிலிருந்த திரை அவளுக்குத் தெரியவில்லை.

"ஆமை வந்துடுச்சா?"