யாரையும் பாராமல்

தபாற்கந்தோர் வேலை முடிந்ததும் நஜ்லா நேரே வீட்டுக்குப் போவதில்லை. சந்தைக்குப் பக்கத்துச் சதுக்கத்தில், வாகை மரத்தின் கீழுள்ள சீமெந்து வாங்கில் உட்கார்ந்து, மஃரிப் தொழுகை நேரம் வரை புத்தகத்தோடு இருப்பாள். விவாகரத்துக்குப் பிறகு உம்மாவும் தங்கச்சி குடும்பமும் நிறைந்த வீட்டில் அவளுக்குத் தனிமை இல்லை. இந்தப் பொழுது மட்டும் அவளுடையது.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் பக்கங்களில் புழுதி படியும்.

"இந்தக் காத்துக்கும் கச்சான் எண்டுதான் பேர். அதுதான் என்ட கச்சானை ஒருத்தரும் வாங்குறல்ல" என்பார், கச்சான் கடலை வண்டிக்காரர் றஊப்.

இரும்புக்கடை ஷரிபுதீன் ஹாஜியார் பள்ளிவாசலுக்குப் போகும்போது கேட்பார்:

"ஆரப் பாத்துக்கிட்டு இரிக்கீங்க, மகள்?"

"ஒருத்தரையும் இல்ல."

அவர் நம்பியதில்லை. மாரியில் ஒருநாள், குடைக்குள் இருந்தபடி, அலுத்துப்போய், அண்ணனைச் சாட்டி அவள் சொன்னாள்:

"காக்காவப் பாத்துக்கிட்டு இரிக்கன்."

அதன்பின் கேள்வி இல்லை. அறுவடை வந்தது, நெல் ஏற்றிய லொறிகள் சதுக்கத்தைச் சுற்றிப் போயின. ஹாஜியார் அவளுடைய காக்கா முனாபைப் பள்ளியில் கண்டு, தங்கச்சியை இப்படிக் காக்கவைப்பது சரியில்லை என்றார்.

மறுநாள் முனாப் மோட்டார் சைக்கிளில் வந்தான்.

"ஏறு, போவம்."

"இன்னும் கொஞ்சம் இரிப்பன். நீங்களும் இரிங்க காக்கா."

"இதுல என்ன இரிக்கி?"

"ஒண்டுமில்ல."

றஊப் கச்சான் சுருளை நீட்டினார். "மாரி முழுக்கப் பாத்துக்கிட்டு இரிந்தா. இப்பதான் வந்து சேந்தீங்களா?"

முனாப் தினமும் வந்தான். உர விலை, மகனின் டியூஷன், மச்சினனின் வழக்கு என்று கதைத்தான். அவளால் ஒரு பக்கமும் வாசிக்க முடியவில்லை.

"நாளையில இரிந்து வராதீங்க" என்றாள் ஒருநாள்.

"ஹாஜியார் கேட்டா?"

"நான் சொல்லுறன்."

ஹாஜியார் கேட்டார். "காக்கா வரல்லையா, மகள்?"

"இல்ல. நான் தனியா இரிக்கத்தான் வாறன்."

"தனியாவா?"

"ஓம்."

அவர் பள்ளிக்குப் போனார். அடுத்த நாளிலிருந்து சதுக்கத்தின் மறுபக்கத்தால் நடந்தார். தன் கடைக்குக் கதவுக் கொளுக்கி வாங்கப் போன உம்மாவிடமும் ஏதோ சொல்லியிருந்தார். உம்மா அவளுடன் கதைப்பதை நிறுத்திவிட்டார்.

பங்குனி வெயிலில் பின்னேரமும் வாங்கு சுட்டது. நஜ்லா பழைய பத்திரிகையொன்றை விரித்துப் போட்டு, அதன் மேல் உட்கார்ந்தாள்.