மூன்றாம் வாக்கெடுப்பு

அப்பாவின் பட்டுச் சட்டைக்கு மூன்றாவது பொத்தானைப் பூட்டிக்கொண்டிருந்தாள் பவளம். மூன்று நாள் குளிரறையில் கிடந்த உடம்பு, தொட்ட விரலெல்லாம் விறைத்தது. அந்த நேரம் பார்த்துத்தான் கால்மாட்டில் நின்ற அண்ணன் விக்னராஜா தொண்டையைச் செருமினார்.

"இன்னொருக்கா வோட் எடுப்பம்."

பவளத்தின் கை பொத்தானிலேயே நின்றது.

"என்னத்துக்கு?"

"கொள்ளி வைக்கிறதுக்குத்தான். இப்ப மூண்டு பேரும் நேர நிக்கிறம். போனிலை கை தூக்கினதெல்லாம் ஒரு வோட்டே?"

உடுப்பு மாற்ற உதவிக்கொண்டிருந்த செத்தவீட்டு மண்டபத்து வெள்ளைக்காரப் பெண்ணுக்குப் பாஷை விளங்காவிட்டாலும் குரல் விளங்கியிருக்க வேண்டும். ஏதும் தேவையென்றால் கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போனாள். சுவரோரக் கதிரையில் இருந்த தம்பி சிறி தன்னுடைய சப்பாத்தை இன்றைக்குத்தான் முதன்முதலாகக் காண்பவன் மாதிரி குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

முதல் வாக்கெடுப்பு ஜனவரியில் நடந்தது. நடத்தியவர், இப்போது பட்டுச் சட்டையோடு படுத்திருக்கும் நித்தியானந்தனேதான். இரண்டாவது தடவையும் ஆஸ்பத்திரியில் கிடந்து வீடு வந்த கையோடு, லண்டனில் இருந்த மூத்தவனையும் சிட்னி மெரிலேண்ட்ஸில் இருந்த கடைசியையும் வைபரில் கூப்பிட்டார். பவளம் போனைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எனக்குப் பவளம்தான் கொள்ளி வைக்க வேணும். சம்மதமான ஆக்கள் கையைத் தூக்குங்கோ. எனக்கு வோட் இல்லை, நான் செத்த ஆள்."

பவளமும் சிறியும் தூக்கினார்கள். விக்னராஜா தூக்கவில்லை. தகப்பனுக்கு மூத்த மகன் கொள்ளி வைப்பதுதான் வழமை, அதை மாற்ற நாங்கள் யார் என்றார். "ரண்டுக்கு ஒண்டு. முடிஞ்சுது," என்று சொல்லிவிட்டு அப்பா தேத்தண்ணி கேட்டார்.

செவ்வாய்க்கிழமை காலை அவர் போனார். அன்று பின்னேரமே லண்டன் விமான நிலையத்தில் இருந்தபடி விக்னராஜா இரண்டாவது வாக்கெடுப்பை வைத்தார். அப்பா இல்லாத புதுச் சூழ்நிலையாம். அப்போதும் இரண்டுக்கு ஒன்றுதான். இன்றைக்கு வெள்ளி. இது மூன்றாவது.

பவளத்துக்கு உச்சந்தலை வரை கொதித்தது. கொள்ளியில் அவளுக்குப் பெரிய ஆசையொன்றும் இருக்கவில்லை. இந்த ஊரில் கொள்ளியென்பது ஒரு கற்பூரத் துண்டும் தகன அறைச் சுவரில் ஒரு பச்சைப் பொத்தானும்தான். ஆனால் அப்பா வாய் திறந்து கேட்டது அதை ஒன்றைத்தான். அவளோடு இருந்த பத்து வருடத்தில் அவளுக்கென்று அவர் தந்ததும் அது ஒன்றுதான்.

"அண்ணா, ஒருக்காச் சொன்னால் சொன்னதுதான் எண்டு ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை கத்தினது ஆர்?"

விக்னராஜாவின் முகம் கறுத்தது. எதைச் சொல்கிறாள் என்று அவருக்குத் தெரியும்.

இங்கிலாந்து ஐரோப்பாவை விட்டுப் போவதா இருப்பதா என்று 2016இல் வாக்கெடுத்தபோது, கிளேட்டனில் மகள் வீட்டில் இருந்த நித்தியானந்தனுக்கும் தபாலில் வாக்குச்சீட்டு வந்தது. லண்டன் தபால் கந்தோரில் இருபத்திரண்டு வருடம் கடிதம் பிரித்த மனுஷன். பிரித்தானியக் கடவுச்சீட்டை விடாமல் வைத்திருந்தார். "லீவ், விட்டுப் போறது எண்டு போடுங்கோ அப்பா. உந்த ஐரோப்பாக்காரர் வாறது நிண்டால் எங்கடை சனத்துக்கு விசா சுகமாக் கிடைக்கும்," என்றார் விக்னராஜா. மகன் அங்கேயே இருக்கிறவன், அவனுக்குத் தெரியாததா என்று நம்பி, அப்பாவும் அதற்கே புள்ளடி போட்டார்.

ஒருவருக்கும் ஒரு விசாவும் சுகமாகவில்லை. ஹொலண்டில் படிக்கப் போக இருந்த விக்னராஜாவின் மகள் வினுஷா, இனி அங்கே போனால் என்ன நிலை என்று ஒருவருக்கும் சொல்லத் தெரியாமல் போனதில் அழுதாள். "அப்பப்பா, நீங்களுமா லீவ் போட்டீங்க?" என்று அந்தப் பிள்ளை போனில் கேட்டது. அன்றிலிருந்து அப்பாவுக்கு ஒரே பிரார்த்தனை. இன்னொரு தடவை வாக்கெடுக்க வேண்டும், தன்னுடைய புள்ளடியைத் தான் திருத்த வேண்டும்.

ஞாயிறு தவறாமல் தகப்பனும் மகனும் போனில் மல்லுக்கட்டினார்கள். "எத்தினை தரமப்பா வோட் போடுறது? தங்களுக்குப் பிடிச்ச பதில் வருமட்டும் கேட்டுக்கொண்டிருப்பினமோ? சனத்தை மடையர் எண்டு நினைச்சினமோ?" என்று ஸ்பீக்கரில் விக்னராஜா கத்துவார். அப்பா இருமி இருமிப் பதில் சொல்லுவார். பவளம் குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டே மூன்று வருட ஞாயிற்றுக்கிழமைகளை இப்படிக் கேட்டுத் தீர்த்தாள். டீவியைப் போட்டாலும் அதுதான். பாராளுமன்றம் கூடும், கத்தும், தோற்கும், திரும்பக் கூடும். அங்கே ஒரு நாடு முழுக்க அலுத்துப்போயிருந்தது, அந்த அலுப்பு இவ்வளவு கடல் தாண்டி அவளுடைய அடுப்படிக்கும் வந்துசேர்ந்திருந்தது.

பெப்ரவரியில் அப்பா ஒரு கடித உறையைத் தந்தார். வெளிநாட்டில் இருந்து வாக்குப் போடுகிறவர்கள் வருடா வருடம் பதிவைப் புதுப்பிக்க வேண்டுமாம். குசினித் தராசில் நிறுத்து, முத்திரையெல்லாம் கணக்காக ஒட்டியிருந்தார். ஒட்சிசன் குழாயோடு தெருவில் இறங்க ஏலாது என்பதால் அவளிடம் தந்தார்.

"திருப்பி வோட் வைச்சால் என்ரை பேர் இருக்க வேணும் பிள்ளை. நாளைக்கே போட்டுவிடு."

"ஒருக்காப் போட்டது போட்டதுதான் அப்பா. இனியெண்டாலும் சும்மா இருங்கோ," என்று எரிந்து விழுந்துவிட்டு அதை வாங்கிக் காரில் வைத்தாள். இரண்டு நாள் கழித்து, "போட்டனியோ?" என்று கேட்டார். "ஓம்," என்றாள். பிறகும் இரண்டு தடவை கேட்டார். பிறகும் ஓம் என்றாள்.

பிரித்தானியா ஐரோப்பாவை விட்டு வெளிக்கிட வேண்டிய நாளை, கேரம் டவுன்ஸ் கோயில் கலண்டரில் சிவப்புப் பேனையால் வட்டம் போட்டு வைத்திருந்தார் அவர். மார்ச் 29, வெள்ளி. அந்தத் திகதியைப் பின்போட்டுவிட்டார்கள் என்று போன கிழமை செய்தியில் சொன்னபோது, "பார்த்தியே, இன்னும் வழி இருக்கு," என்று படுக்கையில் கிடந்தபடி சிரித்தார். அந்த வெள்ளிதான் இன்றைக்கு.

"அது நாட்டு விஷயம் பவளம். இது குடும்பம்," என்றார் விக்னராஜா.

"ஓம். நாட்டிலை தோத்தவை வாயைப் பொத்த வேணும். வீட்டிலை நீங்கள் தோத்தால் வெல்லுமட்டும் கேட்கலாம். நல்ல நியாயம்!"

"இவ்வளவு தூரம் பறந்து வந்தனான். மூத்தவன் நான் நிக்க, பொம்பிளைப்பிள்ளை கொள்ளி வைச்சதெண்டு லண்டனிலை எங்கடை ஹரோ முழுக்கக் கதைப்பினம்."

"பத்து வருஷமா அவருக்கு முழுக வார்த்தது பொம்பிளைப்பிள்ளைதான். அதை ஹரோவிலை ஒருத்தரும் கதைக்கேல்லையே அண்ணா? நீங்களாவது கதைச்சனீங்களோ?"

அண்ணன் அவளைப் பார்க்காமல் கையைத் தூக்கினார். "நான் வைக்கிறதுக்குச் சம்மதமான ஆக்கள் தூக்குங்கோ. சிறி?"

சிறியின் கை நெஞ்சளவுக்கு எழும்பி அங்கேயே நின்றது. முழுதாகத் தூக்கவும் அவனுக்குத் தைரியமில்லை.

"அக்கா, குறை நினைக்காதேங்கோ. சடங்கெண்டு ஒண்டு இருக்குத்தானே. அண்ணா வரவும் வந்திட்டார்…"

"ரண்டு தரம் எனக்குத் தூக்கின கை உது. எத்தினை நாளுக்கடா உன்ரை சொல்லு?"

சிறி திரும்பவும் சப்பாத்தைப் பார்த்தான். இரண்டு பேருடைய கன்னத்திலும் ஓங்கி அறைய வேண்டும் போல இருந்தது அவளுக்கு. அறையவில்லை. குனிந்து மிச்சப் பொத்தான்களையும் பூட்டி, சால்வையை மடித்து அப்பாவின் தோளில் போட்டாள்.

"சரி. ரண்டுக்கு ஒண்டு. இனி நாலாவது இல்லையெண்டு எழுதித் தாறியளோ?"

விக்னராஜா தூக்கிய கையை இறக்கினார்.

ஒரு மணிக்குக் கிரியை தொடங்கியது. தேவாரம் பாடி, வாய்க்கரிசி போட்டு, பெட்டியை மூடினார்கள். மண்டபத்தின் பின்பக்கம் இருந்த சிறிய அறைக்குள் குடும்பத்து ஆட்களை மட்டும் விட்டார்கள். இரும்புக் கதவுக்கு முன்னால் உருளைகளின் மேல் பெட்டி இருந்தது.

"கொள்ளி வைக்கிற பிள்ளை முன்னுக்கு வாங்கோ," என்றார் குருக்கள்.

விக்னராஜா முன்னுக்குப் போனார். பெட்டியின் தலைமாட்டில் கற்பூரத்தைக் காட்டினார். பச்சைப் பொத்தான் வரைக்கும் விரலைக் கொண்டுபோனார். விரல் அங்கேயே நின்றது.

"வன் மினிட் ப்ளீஸ்," என்றார் பக்கத்தில் நின்ற உத்தியோகத்தரிடம். அவர் தலையாட்டினார்.

ஒரு நிமிடம் போனது. விக்னராஜா கையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பவும் நீட்டினார்.

"இன்னும் ஒரு நிமிஷம்," என்றார் தமிழில், யாரிடமென்று இல்லாமல். உத்தியோகத்தர் மணிக்கூட்டைப் பார்த்தார். அடுத்த செத்தவீட்டுக் கார்கள் வெளியே வந்து நிற்கும் சத்தம் கேட்டது. குருக்கள் மந்திரத்தை முடித்துவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் இன்னொரு தடவை தொடங்கினார். அண்ணனின் தோள்மூட்டு இரண்டும் குலுங்கின.

"ஏலாது," என்றார். "என்னாலை ஏலாதடி பவளம்."

நல்லா வேணும் என்றுதான் அவள் முதலில் நினைத்தாள். நினைத்ததற்காக வெட்கப்படவும் இல்லை. வாக்கில் வெல்லத் தெரிந்த ஆளுக்கு வென்றதைச் செய்யத் தெரியவில்லை. அண்ணனைத் தொடாமல், ஆறுதலாக ஒரு சொல்லும் சொல்லாமல், அவரைத் தாண்டிக் கையை நீட்டிப் பொத்தானை அமத்தினாள். இரும்புக் கதவு மேலே எழும்பியது. உருளைகள் சுற்றின. கதவு திரும்ப இறங்கும் வரைக்கும் அவள் கையை எடுக்கவில்லை.

நாலரை மணிபோல வீட்டுக்கு வெளிக்கிட்டார்கள். பவளத்தின் புருஷன் கபிலன் சிறியையும் குருக்களையும் ஏற்றிக்கொண்டு முன்னுக்குப் போய்விட்டான். பவளத்தின் காரில் விக்னராஜா ஏறினார். அவர் மூக்கை உறிஞ்சினார்.

"டிஷ்யூ ஏதும் இருக்கோ?"

"டாஷ்போட் பெட்டிக்குள்ளை பாருங்கோ."

சொன்ன பிறகுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது. அதற்குள் அவர் திறந்துவிட்டார். டிஷ்யூவுக்கு முன்னால் கையில் வந்தது அந்தக் கடித உறை. ஹரோ தேர்தல் அலுவலகத்தின் விலாசம், அப்பாவின் சரிந்த எழுத்தில். கணக்காக ஒட்டிய முத்திரைகள். விக்னராஜா அதைப் புரட்டிப் பார்த்தார், மடியில் வைத்தார், திரும்ப எடுத்துப் பார்த்தார். கத்தப்போகிறார் என்று பவளம் காத்திருந்தாள். கத்தியிருந்தால் அவளுக்கும் திருப்பிக் கத்த வசதியாக இருந்திருக்கும்.

"அப்பா தந்தவரோ?"

"பெப்ரவரியிலை. போடச் சொல்லித் தந்தவர்."

கிளேட்டன் கடைத்தெருவில் சிவப்புத் தபால் பெட்டி ஒன்று தெரிந்தது. நிறுத்தக்கூடாத இடத்தில் காரை நிறுத்தினாள். பின்னால் வந்தவன் ஹோர்ன் அடித்தான். அடிக்கட்டும்.

"தாங்கோ."

"இனி என்னத்துக்குப் பவளம்? ஆள்தான் இல்லையே."

"தாங்கோ அண்ணா."

அவர் உடனே தரவில்லை. உறையில் ஒரு மூலை மடிந்திருந்தது. அதைப் பெருவிரலால் நீவி நேராக்கிவிட்டுத் தந்தார்.

பவளம் இறங்கிப் போனாள். பெட்டியில் கடிதம் எடுக்கும் கடைசி நேரம் ஆறு மணி என்று போட்டிருந்தது. உறையைப் பெட்டியின் வாய்க்குள் பாதி விட்டு, மற்றப் பாதியைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு விட்டாள். உள்ளே விழும் சத்தம் கேட்டது.

காரில் ஏறி பெல்ட்டைப் போட்டாள். அண்ணன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போட்டனியோ?"

"ஓம்," என்று சொல்லிவிட்டு, வலது சிக்னலைப் போட்டு, பின்னால் வந்த கார்கள் போகட்டுமென்று காத்திருந்தாள்.