கீழே கொட்டுகிற தண்ணீர்

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குக் கிடைத்தது ஒரு கிழிந்த பனியனிலிருந்து. நெக்ரோஸ் தீவில், எங்கள் மலையடி ஓடையில், ஒரு பம்பின் வாயில் அதைத் திணித்து வைத்திருந்தார்கள்.

முதல் வரி: 'மலை மௌனமாக...' சீ, வேண்டாம். எந்த மலை பேசியிருக்கிறது?

இரண்டாவது: 'ஓடுகிற நீரைச் சட்டென்று தடுத்தால் அதன் வேகம் அழுத்தமாக மாறும்.' பாடப்புத்தகம்! நீங்கள் கொட்டாவி விடுவது தெரிகிறது. ஆனாலும் இதைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், தேவைப்படும்.

2

எஞ்சினியர் மெர்லிண்டா அந்த விதியை நம்பித்தான் பம்பைச் செய்தாள். கரண்ட் வேண்டாம், டீசல் வேண்டாம். குழாயில் இறங்கும் நீர் ஒரு வால்வு வழியே வெளியே கொட்டும். வேகம் கூடியதும் அந்த வேகமே வால்வை அறைந்து மூடும். அந்த அடியில் கொஞ்சம் நீர் மேலே ஏறும். வால்வு திறக்கும், மறுபடி கொட்டும். பத்துக் குடத்தில் ஒன்பது கீழே, ஒன்று மேலே.

மேலே குடியிருப்பு, நூற்றுநாற்பது படி. அங்கே குடியிருக்கும் அவுரேலியா முட்டிவலியோடு தினம் ஆறு தடவை குடம் சுமந்து ஏறுகிறாள்.

பம்பு மூன்று தடவை நின்றுபோனது. இன்று மதியத்துக்குள் தண்ணீர் ஏறாவிட்டால் குழாயைப் பக்கத்துக் குடியிருப்புக்குக் கொடுத்துவிடுவதென்று ஊர்க்கூட்டத்தில் முடிவு. மெர்லிண்டா ஓடிவந்து பார்த்தால், வால்வில் பனியன்!

3

திணித்தது பம்பைப் பார்த்துக்கொள்ளும் ப்ருடென்சியோ. அவுரேலியாவின் புருஷனேதான்.

(இவரை வில்லனாக்கப் பார்த்தேன். அரிசி களைந்த தண்ணீரைக்கூட வாத்துக்கு ஊற்றுகிற மனுஷனை எப்படி ஆக்குவது?)

"இது நீங்க பண்ண வேலையாண்ணே?"

"பின்ன? ஒன்பது குடத்தைக் கொட்டிட்டு ஒண்ணை ஏத்துறதா? இதுக்கா காலேஜ் போன?"

"கொட்டுனாத்தாண்ணே ஏறும்!"

"என் பொண்டாட்டி முட்டி தேயத் தூக்குற தண்ணிம்மா. கண்ணு முன்னாடி வீணாப் போனா வயிறு எரியாதா?"

விதியை மாற்ற முடியாது. ஆனால்... மெர்லிண்டாவின் கண் பக்கத்தில் மேய்ந்த அவருடைய வாத்துகள்மேல் விழுந்தது. மண்வெட்டியை எடுத்தாள். வால்வுக்கு அடியிலிருந்து சேப்பங்கிழங்குப் பாத்தி வழியாக வாத்துக் குட்டைவரை ஒரு வாய்க்கால் வெட்டினாள். வேர்த்து ஊற்றியது.

"கொட்டுறது எங்க போகும்னு என் படத்துல நான் வரையவே இல்லண்ணே. தப்பு என்மேலதான். அந்த ஒன்பதும் உங்க வாத்துக்கு."

ப்ருடென்சியோ தலையைச் சொறிந்தார். "இதை மொதல்லயே சொல்லித் தொலைக்கிறதுதானே!"

4

முடிவு ஒன்று: தண்ணீர் ஏறியது, விருந்துக்குப் பன்றி சுட்டார்கள், ஊரே ஆடி... ரொம்பத் தித்திப்பு.

முடிவு இரண்டு: குழாயைப் பிடுங்க ஆட்கள் வந்து... மாட்டேன். என் பேனா அதற்கு வராது.

அதனால் இங்கேயே நிறுத்துகிறேன். ப்ருடென்சியோவின் கை பனியனில். இன்னும் தண்ணீர் வராத வாய்க்காலில் வாத்துகள் அதற்குள் வந்து வரிசையாக நிற்கின்றன. மேலேயிருந்து அவுரேலியா கத்துகிறாள்: "என்னங்க, தண்ணி வருமா, இல்ல நான் குடத்தைத் தூக்கட்டுமா?"

அதை உருவ அவருக்கு இன்னும் மனசு வரவில்லை. உங்களைப் பார்க்கிறார். நான் எத்தனை வரியைக் கீழே கொட்டினேன் என்று நீங்கள்தான் கூடவே இருந்து பார்த்தீர்கள். கொட்டினால் ஏறுமா என்று அவரிடம் நீங்களே சொல்லுங்கள். சீக்கிரம், அவள் முதல் படியில் கால் வைத்துவிட்டாள்.