மூன்று விரல் சாய்வு

முன் சீட்டில் ஒரு கடல்பசுவை உட்காரவைத்து, அதற்குக் காற்று வரட்டும் என்று படுதாவைத் தூக்கிக் கட்டி, ஐந்து மைல் ஜீப் ஓட்டிப்போய்க் கடலில் இறக்கிவிட்ட ஒரே மனிதன் இந்த உலகத்தில் தான்தான் என்று இருபத்திரண்டு வருடமாகச் சொல்லிவந்த வீரபத்திரன், செவ்வாய்க்கிழமை காலை ஐஸ்பெட்டிக்குள் முதல்தடவையாக வாயை மூடிப் படுத்திருந்தார்.

மகள் பானுப்பிரியா பெட்டிக்குப் பக்கத்தில் இல்லை. வாசலில் நின்ற ஜீப்பின் பின்சக்கரத்தருகே குந்தி உட்கார்ந்து, டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் விரல்களை அடுக்கி அளந்துகொண்டிருந்தாள். வலப்பக்கம் ஏழு விரல். இடப்பக்கம் நாலு.

"மூணு விரல் கொறையுது சித்தப்பா."

"அதத்தானத்தா நானும் சொல்றேன்," என்றார் தங்கப்பாண்டி. செத்தவரின் தம்பி. காதில் ஃபோனோடு நின்றார். "சாஞ்ச வண்டியில பாடைய ஏத்துனா மணல்ல போறப்ப உருண்டு விழும். ஊரே சிரிக்கும். உசுரோட இருந்தப்ப சிரிச்சது பத்தாதா? சாயல்குடியில ரத வண்டி சொல்லியிருக்கேன். சீரியல் லைட்டெல்லாம் போட்டு வரும்."

"அய்யா ஜீப்புலதான் போகணும்னு எங்கிட்டச் சொன்னாரு."

"அவரு என்னதான் சொல்லல?"

அது என்னவோ வாஸ்தவம். வீரபத்திரன் சொன்னதையெல்லாம் ஒரு இடத்தில் தேக்கினால் ஆர்.எஸ்.மங்கலம் கண்மாய் நிரம்பி மறுகால் பாயும். புயலடித்தபோது ஜீப்புக்கு நங்கூரம் போட்டுத் தூங்கியவர் அவர். உப்பளத்தில் அவர் ஒரு தும்மல் போட, நாலு பாத்தி உப்பு பறந்துபோய் அடுத்த ஊர்க்காரன் குழம்பில் விழுந்து, அவன் சண்டைக்கு வந்திருக்கிறான். செத்ததும் அந்த லட்சணத்தில்தான். நேற்று சாயங்காலம் டீக்கடையில் ஒரு கதையை நடுவில் நிறுத்தினார். கேட்டுக்கொண்டிருந்த ஆறு பேரும் அடுத்த வரிக்காக அரை நிமிஷம் காத்திருந்தார்கள். எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று அவருக்குத் தெரியாதா என்ன.

பங்காளிகள் நீர்மாலைக்குக் கிளம்பினார்கள். பிணத்தைக் குளிப்பாட்டக் கொட்டுடன் போய் ஊர்க்கிணற்றில் தண்ணீர் எடுத்துவர வேண்டும். தங்கப்பாண்டி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார்.

"நாங்க திரும்பி வர்றதுக்குள்ள நிமித்திரு. இல்லேன்னா ரதந்தான். பெறகு என்னையக் கொற சொல்லாத."

பானுப்பிரியாவுக்கு மதுரையில், இன்சூரன்ஸ் கம்பெனிக்காக விபத்து வண்டிகளைச் சோதிக்கிற வேலை. வண்டி எங்கே அடிபட்டது, டிரைவர் எங்கே பொய் சொல்கிறார் என்று இரும்பைப் பார்த்தே எழுதிக்கொடுப்பாள். என் மகள் ஒரு காரை மோந்து பார்த்தே டிரைவர் காலையில் என்ன சாப்பிட்டான் என்று சொல்லிவிடுவாள் என்பார் வீரபத்திரன்.

வாசல் மேடுபள்ளமாக இருந்தது. ஜீப்பைப் பக்கத்துச் சிமெண்டுக் களத்தில் கொண்டுபோய் நிறுத்தி, தரையில் ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றிப் பார்த்தாள். தண்ணீர் எந்தப் பக்கமும் ஓடவில்லை. தரை சரி. டயர்களில் காற்றும் ஒரே அளவு. ஜீப் மட்டும் பழையபடி இடப்பக்கம் தோளைச் சாய்த்துக்கொண்டு நின்றது.

"உள்ள போ தாயி. அம்மா தேடுது." ஜாக்கியைத் தூக்கிக்கொண்டு வந்தார் முஹைதீன். கடற்கரைக்காரர். சொந்தமாக வள்ளம், வலை, வள்ளம் ரிப்பேர் பார்க்கும் சின்னப் பட்டறை எல்லாம் உண்டு. அவர் வள்ளத்தில் ஏறினால் மீன் ஏற்ற இடமிருக்காது என்கிற அளவுக்கு உடம்பு. வீரபத்திரனுக்கு நாற்பது வருடச் சேக்காளி.

"முன் சேஸுக்கு நடுவுல ஜாக்கி போடுங்க மாமா. முன்பக்கத்துக் கோளாறுன்னா தூக்குனதும் பின்னால நிமிந்துரும்."

தூக்கினார். நிமிரவில்லை. அப்படியென்றால் கோளாறு பின்னால்.

அங்கேதான் அவளுக்குக் குழப்பம் ஆரம்பித்தது. ஒற்றை ஆளாக ஓட்டிய வண்டி டிரைவர் பக்கம்தான் சாய வேண்டும். அதுவும் அய்யா கனத்துக்கு வலப்பக்கம் தரையைத் தொட்டிருக்க வேண்டும். இது ஆளே உட்காராத பக்கம் சாய்கிறது. சக்கரத்துக்கு மேல் கனம் தாங்குகிற கமான் பட்டை தளர்ந்துவிட்டது என்று சொல்லி ஆறு மெக்கானிக்குகள் நாலு ஜோடி மாற்றிவிட்டார்கள். இப்போது இருக்கிற ஜோடி பொங்கலுக்குப் போட்டது.

சாக்கை விரித்து அடியில் நுழைந்தாள்.

"பெத்தவன் கெடக்கான், பிள்ளை வண்டிக்கடியில போயிப் படுத்திருக்கு," என்றாள் பந்தலில் இருந்த முருகலட்சுமி அத்தை. "அப்பனுக்குத் தப்பாமப் பெறந்தவ."

கயிற்றைப் பிடித்து இரண்டு பக்கக் கமானையும் அளந்தாள். வளைவு ஒன்று. உயரம் ஒன்று. பட்டைகளை எண்ணினாள், ஏழும் ஏழும். உடைசல் இல்லை. மறுபடி எண்ணினாள். எல்லா அளவும் சரியாக இருக்கிற வண்டி தப்பாக நிற்பது எப்படி? அழுகை வரவேண்டிய நாளில் கணக்கு வராமல் படுத்திருப்பது அவளுக்கே என்னவோபோல் இருந்தது.

பதினாலு வயதில் அவள் வகுப்பு டீச்சரிடம் அய்யா இந்தக் கடல்பசுக் கதையைச் சொன்னார். வகுப்பே சிரித்தது. வீட்டுக்கு வந்து, "எங்கிட்டயாவது நெசத்தைச் சொல்லுங்கய்யா" என்று அழுதாள்.  அவர் ஏதோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் எழுந்து போனார். அதற்குப் பிறகு அவள் இருக்கும் இடத்தில் அந்தக் கதை வரவே இல்லை. மற்ற இடத்திலெல்லாம் வந்தது.

இன்னொன்றும் அவளுக்குப் புரிந்ததில்லை. நங்கூரக் கதைக்கு முஹைதீன் மாமா சாட்சி சொல்வார். தும்மல் கதைக்கு, பறந்தது நாலு பாத்தி இல்லை, ஆறு என்று திருத்துவார். கடல்பசு என்று எடுத்தால் மட்டும், "அப்படி ஒண்ணும் நடக்கல" என்று பாதி டீயை வைத்துவிட்டு எழுந்துவிடுவார். ஊரே சிரித்துக்கொண்டாவது தலையாட்டிக் கேட்ட கதையை நம்ப மாட்டேன் என்று அடம்பிடித்த ஒரே ஆள் அவர்தான்.

கமான் சேஸில் மாட்டும் இடத்தில் உப்புச் சேறும் கிரீஸும் விரற்கடை கனத்துக்கு அப்பியிருந்தன. கத்தியால் சுரண்டினாள். டார்ச் அடித்தாள். இடப்பக்க பிராக்கெட் மேலே ஏறியிருந்தது. அதற்கு மேல் வண்டியின் அடிச்சட்டமான சேஸே மணிக்கட்டு மடங்கின மாதிரி மடங்கி, மடங்கின இடத்தில் ஒரு பழைய தகட்டை வைத்து வெல்டு அடித்திருந்தது. நூறு ரிப்போர்ட்டில் அவள் எழுதியிருக்கிற விஷயம்: இது நாள்பட்டு இறங்கியதல்ல. ஒரே அடி. பின்னால் இடப்பக்கம் பெரிய கனம் இருக்கும்போது வண்டி ஒருதரம் எகிறி விழுந்திருக்கிறது.

"மாமா."

"ம்."

அடியிலிருந்து பார்த்தால் அவருடைய இரண்டு பாதங்கள்தான் தெரிந்தன.

"பின்னால என்ன ஏத்துனாரு?"

"உப்பு மூட்டையா இருக்கும்."

"மூட்டைன்னா ரெண்டு பக்கமும் பிரிச்சு அடுக்குவாங்களே. இது ஒரே கனம். நடுவுல வைக்க முடியாம ஒரு பக்கமா சரிஞ்சு கெடந்திருக்கு."

பாதங்கள் இடம் மாறின.

"வெல்டும் கடை வெல்டு இல்ல மாமா. வள்ளத்து எஞ்சின் தாங்கிக்கு வைக்கிற மாதிரி வச்சிருக்கு."

"எனக்கென்ன தெரியும் தாயி," என்றார். பாதங்கள் பந்தல் பக்கம் நடந்துபோயின.

கொட்டுச் சத்தம் திரும்பி வந்தது. தங்கப்பாண்டி தலையில் நீர்க்குடத்தோடு களத்தோரம் நின்றார்.

"நிமிந்துச்சா?"

"இன்னைக்கு நிமித்த முடியாது சித்தப்பா. கமான் இல்ல, சேஸே மடங்கியிருக்கு."

"அப்ப ரதம்."

முஹைதீன் பந்தலிலிருந்து எழுந்து வந்தார். ஜீப்பின் பின்புறமாக ஏறி, வலப்பக்கப் பெஞ்சில் உட்கார்ந்தார். வண்டி முனகிக்கொண்டு இறங்கியது. பானுப்பிரியா குனிந்து விரலை வைத்தாள்.

"இப்ப ஒரு விரல்தான் கொறையுது. பாடைய அவரு பக்கம் நெருக்கி வச்சா அதுவும் போயிரும்."

தங்கப்பாண்டி குடத்தைப் பிடித்தபடி யோசித்தார். "சுடுகாடு வரைக்கும் இப்படியே வருவீகளா பாய்?"

"வாரேன்."

குளிப்பாட்டி, கோடித்துணி போட்டு, வாய்க்கரிசி முடிந்து, பாடையை ஜீப்பில் ஏற்றும்போது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. அம்மா வீரலட்சுமி பாடையைத் தொடவில்லை. பின்சக்கரத்து மண்ணை முந்தானையால் தட்டிவிட்டுத் தள்ளி நின்றாள். தங்கப்பாண்டியின் மகன் பிரபு ஸ்டியரிங்கில் உட்கார்ந்தான். கொள்ளிச்சட்டியோடு முன்னால் நின்றார் தங்கப்பாண்டி.

கூட்டத்தில் ஒரு குரல், மெதுவாகச் சொல்வதாக நினைத்து நன்றாகவே சொன்னது: "அன்னைக்கு அந்தப் பக்கம் ஆவுளியா, இன்னைக்கு இந்தப் பக்கம் பாய்." கடல்பசுவுக்குக் கடற்கரையில் அதுதான் பேர். துண்டை வாயில் வைத்துக்கொண்டு நாலு பேர் குலுங்கினார்கள். பிறகு பத்துப் பேர்.

தங்கப்பாண்டியின் முகம் செத்துப்போயிற்று. இதற்குத்தான் அவர் காலையிலிருந்து பயந்தார். பானுப்பிரியாவும் கீழே பார்த்தாள். பதினாலு வயதில் வகுப்பில் பார்த்த மாதிரியே.

"பாய், நீங்களாவது சொல்லிருங்க," என்றார் தங்கப்பாண்டி. "ஆவுளியாவும் இல்ல, ஒரு மண்ணும் இல்லன்னு. எப்பவும் சொல்றதுதான. இன்னைக்கோட அது போகட்டும்."

முஹைதீன் பாடைக் கயிற்றின் மேல் கையை வைத்திருந்தார்.

"முன் சீட்டுல உக்கார வைக்கல," என்றார்.

"அதான்," என்றார் தங்கப்பாண்டி.

"பின்னால. இந்தா, இங்கன. ஈரச் சாக்கு போட்டு. அஞ்சு மைலும் இல்ல, ரெண்டு இருக்கும். கழிமுகத்துல மண்ணடிச்சு வழி அடைச்சுப்போச்சு. வலையில சுத்திக்கிட்டு சேத்துல கெடந்துச்சு. விட்டா வெயில்ல செத்திருக்கும். மணல்மேடு எறங்கயிலதான் வண்டி எகிறிருச்சு."

துண்டுகள் வாயிலிருந்து இறங்கின.

"வலை என்னோடது. ஆவுளியா மாட்டுனது தெரிஞ்சா ஜெயிலும்பாக. பொம்பளப் பிள்ளைக மூணு. அதான் இல்லவே இல்லன்னேன்." அவர் பானுப்பிரியாவைப் பார்த்தார். "ஊரு பூராம் சொல்லித் திரிஞ்சாரு. எம்பேரை மட்டும் சொல்லல. உங்கிட்டக்கூட."

அவள் ஜீப்பின் மேல் கையை ஊன்றிக்கொண்டாள். இரும்பு கொதித்தது. எடுக்கவில்லை.

"அப்ப, நெசமாவா பாய்?" என்றார் தங்கப்பாண்டி.

கொட்டுக்காரர்கள் குச்சியைத் தூக்கியபடியே காத்திருந்தார்கள்.

"நடந்துச்சு," என்றார் முஹைதீன்.