அடுத்தது

மருத்துவமனைத் தாழ்வாரத்தில் நின்றபடி, மனைவியின் கைப்பேசியை அவர் மேலும் கீழும் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் இருந்ததே நாலைந்து எண்கள்தான். மகள், பல் டாக்டர், 'இவர்' என்று அவரே. மிச்சம் இரண்டுக்குப் பெயர்கூட இல்லை. ஒன்று 'அடுத்தது'. இன்னொன்று 'அதுக்கடுத்தது'.

இதை வைத்துக்கொண்டா இவள் சங்கத்து ஊர்வலத்துக்கு அத்தனை பேரைத் திரட்டினாள்?

அவர் லிஃப்ட் மெக்கானிக். ஒரு பொருள் எப்படி ஓடுகிறது என்று தெரியாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. ஆட்களை எப்படித் திரட்டுகிறாய் என்று அவளிடம் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறார்.

"சங்கத்துல சேருங்க, சொல்றேன். வெளியாளுக்குத் தொழில் ரகசியம் கிடையாது."

"உன் கட்சியில நானும் சேர்ந்துட்டா வீட்டுல யாரு சமைக்கறது?"

"அங்கயும் நீங்கதான் சமைக்கணும்."

அந்த வாய் இன்று விடியும்போது ஓய்ந்துவிட்டது. உள்ளே மகள் அம்மாவின் தலையைச் சிக்கெடுத்துச் சீவிக்கொண்டிருந்தாள்.

இன்று பார்த்தா போக வேண்டும்? நாலு மணிக்கு நகரசபை மண்டபத்தில் கூட்டம். விடியுமுன் ஓடும் முதல் பேருந்தை நிறுத்தப் போகிறார்கள். அதில் ஏறுகிறவர்கள் எல்லாரும் பிழைக்க வந்தவர்கள். அவளைப் போலச் சலவைக்கூடத்துக்குப் போகிறவர்கள், காய்கறிச் சந்தையில் மூட்டை இறக்குகிறவர்கள், அலுவலகங்களைக் கூட்டித் துடைப்பவர்கள். அவர்களுக்கு இங்கே ஓட்டு கிடையாது. ஆனால் அந்தக் கூட்டத்தில் வந்து உட்கார ஓட்டு வேண்டாம், குடியிருந்தால் போதும். மேடையில் இருப்பவர்கள் மண்டபம் நிரம்பியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பேசவே ஆரம்பிப்பார்கள். "நமக்கு நாற்காலிதாங்க ஓட்டு" என்பாள். இரண்டு வருஷமாக இதற்குத்தான் அலைந்தாள். சாவுச் செய்தி தன்போக்கில் பரவினால் அத்தனை பேரும் வீட்டு வாசலில் வந்து நிற்பார்கள். மண்டபம் வெறிச்சோடிவிடும்.

"கூட்டத்தை விடுப்பா. இன்னிக்குப் போய்..." என்றாள் மகள்.

"விட்டா உங்கம்மா எந்திரிச்சு வந்து கேப்பா."

'அடுத்தது' என்பதை அழுத்தினார்.

"சொல்லுக்கா!" ஒரு பெண்ணின் கட்டைக் குரல். பின்னால் சலவை இயந்திரங்களின் இரைச்சல்.

அவர் விஷயத்தைச் சொன்னார். இரைச்சலுக்கு நடுவே மூக்கை உறிஞ்சும் சத்தம்.

"சரிண்ணே. நான் என்னன்னு சொல்லணும்?"

"எல்லார் நம்பரும் உன்கிட்ட இருக்காம்மா?"

"ரெண்டுதாண்ணே இருக்கு. யார்கிட்டயும் ரெண்டுக்கு மேல கிடையாது. ஒருத்தர் எடுக்கலைன்னா அதுக்கடுத்தவங்க. மொத்தமும் ஒரே ஆள்கிட்ட இருந்தா, நம்மள வேலைக்கு வச்சிருக்கற காண்ட்ராக்டர் அந்த ஆளைப் பிடிச்சு மிரட்டுவான்ல? சுருக்கமா சொல்லுங்கண்ணே, நீட்டுனா வழியில வளரும். தண்ணி கொண்டாங்கன்னு அக்கா சொன்னதுல யாரோ சோத்தைச் சேர்த்துட்டாங்க. ஊர்வலம் பூரா தூக்குச்சட்டியோட நடந்தோம்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

"என் சம்சாரம் காலையில போயிட்டா. இன்னிக்கு வீட்டுக்கு வராதீங்க, நாளைக்குத்தான் எடுக்கறோம். நாலு மணிக்கு மண்டபத்துக்கு வாங்க."

அவள் அதை ஒருமுறை திருப்பிச் சொன்னாள்.

"எல்லாருக்கும் போய்ச் சேர்ந்துச்சான்னு எப்படித் தெரியும்?"

"அக்கா போனை அணைச்சுடாதீங்க." அவள் உடனே வைத்துவிட்டாள்.

மருத்துவமனையில் கையெழுத்துகள் போட்டு, உடலைப் பிணவறையில் வைத்துவிட்டு, அப்பாவும் மகளும் வீட்டுக்கு வந்தார்கள். மகள் நாளைக்கு அம்மாவுக்கு உடுத்தப் புடவை தேடினாள். அவர் ஜன்னலோரம் நின்று தெருவைப் பார்த்தார். யாரும் வரவில்லை. செய்தி போய்ச் சேர்ந்திருந்தாலும் வாசல் இப்படித்தான் இருக்கும். சேராவிட்டாலும் இப்படித்தான் இருக்கும். எதை வைத்து எதைக் கண்டுபிடிப்பது?

அவர் சட்டை மாற்றிக்கொண்டிருந்தபோது அவளுடைய கைப்பேசி அடித்தது. புது எண். எடுத்ததும் ஓர் ஆண்குரல் ஒப்பிக்க ஆரம்பித்தது.

"அக்கா காலையில போயிட்டாங்க. இன்னிக்கு வீட்டுக்கு வராதீங்க, நாளைக்குத்தான் எடுக்கறாங்க. நாலு மணிக்கு மண்டபத்துக்கு வாங்க. அக்கா நாற்காலி காலியாக் கிடக்கக் கூடாது, ஆளுக்கு ஒருத்தரைக் கூடக் கூட்டிட்டு வாங்க." குரல் சட்டென்று நின்றது. "ஐயோ... இது அக்கா நம்பராச்சே."

"ஆமா. நான் அவ வீட்டுக்காரர்."

"மன்னிச்சுக்கங்கண்ணே. எனக்கு அடுத்தது அக்காதான். பழக்கத்துல போட்டுட்டேன்."

பித்தான் போட்டுக்கொண்டிருந்த அவர் கை பாதியில் நின்றது. பிறகு சொன்னார்: "கடைசியா சொன்னீங்களே, அதை நான் சொல்லலையே."

"வழியில யாரோ சேர்த்திருக்காங்க போல. திருத்தணுமாண்ணே?"

"வேண்டாம். சரியாத்தான் வந்திருக்கு."

கைப்பேசியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மகளைக் கூப்பிட்டார். "செருப்பைப் போடு. ஆளுக்கு ஒருத்தராம். எனக்கு நீதான்."

"யாருப்பா போன்ல?"

படியில் இறங்கிக்கொண்டே, லிஃப்ட் ஓடும் விதத்தை விளக்குகிற அதே நிதானத்தில் சொன்னார்.

"இது வட்டம்மா. இதுக்குத் தலையும் கிடையாது, வாலும் கிடையாது. யாரு வேணா ஆரம்பிக்கலாம். அவங்கவங்க அடுத்தவங்களுக்குச் சொல்லணும். ஆரம்பிச்ச ஆளுக்கே திரும்பி வந்துட்டா எல்லாருக்கும் போயாச்சு. நடுவுல ஒரு ஆள் இல்லாமப் போனா, அந்த போனை வீட்டுல வேற யாராவது எடுத்தாப் போதும்."